கட்டணம் கட்டியதற்கான சான்று பயணியின் கண்ணுக்கும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்திலும் ரயிலிலும் நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் சீசன் டிக்கெட் பயணிகளில் நானும் ஒருவன். அச்சடித்துத் தந்த பழைய சீசன் டிக்கெட்டைப் பல ஆண்டுகள் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தவன்; அது போய் ஸ்மார்ட் கார்டு வந்தபோது மனதார வரவேற்றவன். மாதம் பிறந்தால் கவுண்ட்டரில் வரிசையில் நிற்கும் வேலை ஒழிந்தது. மழையில் நனைந்து எழுத்து அழிந்துபோகும் என்ற பயம் ஒழிந்தது. பெயரில் பதிவு செய்த கார்டு தொலைந்தால், மீதமுள்ள நாள்களுக்கு மாற்றுக் கார்டு கேட்டு வாங்கும் வசதியும் பல இடங்களில் வந்துவிட்டது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள், மறுப்பதற்கில்லை. ஆனால் இவற்றோடு சேர்ந்து, யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு மாற்றமும் நடந்துவிட்டது. பணம் கட்டியதற்கான சான்று முன்பு பயணியின் கையில் இருந்தது. அதை அவரும் படிக்கலாம், பரிசோதகரும் படிக்கலாம். இன்று அது ஒரு சிப்புக்குள்ளும் எங்கோ இருக்கும் கணினியிலும் இருக்கிறது. கையிலுள்ள கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது இன்றைக்குச் செல்லுமா, செல்லாதா என்று பயணியால் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், கருவி 'செல்லாது' என்று காட்டும்போது பொறுப்பு முழுவதும் பயணியின் தலையிலேயே விழுகிறது. இந்த முறை மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் சீசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவோடு முடிவதாக இருந்தது. அன்று மாலையே கைபேசியில் புதுப்பித்தேன். வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடித்தார்கள். 'தங்கள் சீசன் டிக்கெட் புதுப்பிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தியும் வந்தது. திங்கள் காலை நெரிசலில் பேருந்தில் ஏறி, கதவருகே இருந்த ரீடரில் கார்டை வைத்தேன். ஏதோ ஒலி கேட்டது. அது ஒற்றை ஒலியா இரட்டை ஒலியா என்று நின்று கவனிக்கப் பின்னால் ஏறியவர்கள் இடம் கொடுக்கவில்லை. இரண்டு நிறுத்தம் கடந்ததும் பரிசோதகர்கள் ஏறினார்கள். என் கார்டைக் கைக்கருவியில் வைத்த இளைஞர், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் முந்தைய நாளின் தேதி சிவப்பு எழுத்தில் இருந்தது. நான் குறுஞ்செய்தியைக் காட்டினேன். பணம் பிடித்த விவரத்தையும் காட்டினேன். அவர் இரண்டையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "சார், நீங்க கட்டியிருப்பீங்க, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா மெசேஜைப் பார்த்து நான் விட முடியாது. மெஷின்ல என்ன வருதோ அதுதான் எங்களுக்கு" என்றார். அபராதம் கட்டினேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் இறங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைவிட்டுப் போன தொகையைவிட அந்தப் பார்வைதான் இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது. பயணச்சீட்டு இல்லாமல் ஒரு நாளும் வண்டி ஏறாதவன் நான்.

பிறகு முறையீடு எழுதினேன். வங்கிக் கணக்கு விவரத்தை இணைத்தேன். ஒரு முறை நேரில் சென்றேன். பல வாரங்கள் கழித்து அபராதத் தொகை என் கணக்குக்குத் திரும்பி வந்தது. எதனால் தவறு நேர்ந்தது, இனி நேராமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. விடை கிடைக்காததால் நானே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டது என்னைப் போன்ற பலருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இணையத்தில் பணம் கட்டும்போது அந்தச் செய்தி மையக் கணினிக்குத்தான் போகிறது. நம் பையில் கிடக்கும் கார்டுக்கு அது தெரியாது. 'இந்த எண்ணுள்ள கார்டு வந்தால் அதில் புதிய தேதியை எழுது' என்ற கட்டளை நிலையக் கதவுகளுக்கும் பேருந்து ரீடர்களுக்கும் அனுப்பப்படுகிறது. அந்தக் கட்டளை வந்துசேர்ந்த ஒரு ரீடரில் நாம் கார்டை வைக்கும்போதுதான் சிப்புக்குள் புதிய தேதி பதிவாகிறது. கட்டளை சில இடங்களில் சில நிமிடங்களில் போய்ச்சேரும். சில இடங்களில் மறுநாள் ஆகும். பணிமனைக்குத் திரும்பிய பிறகே தகவலை வாங்கிக்கொள்ளும் பேருந்து ரீடர்களும் உண்டு. நான் ஏறிய பேருந்துக்கு அந்தக் கட்டளை வந்திருக்கவில்லை. என் பணம் போய்ச்சேர்ந்துவிட்டது, என் கார்டு மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றுவிட்டது.

இன்னொரு வகை அமைப்பும் இருக்கிறது. அதில் கார்டுக்குள் தேதியே எழுதப்படுவதில்லை. கார்டு தன் எண்ணை மட்டும் சொல்லும், சீசன் உண்டா இல்லையா என்பதை மையக் கணக்கு சொல்லும். இதில் புதுப்பித்த உடனே பலன் கிடைக்கும். ஆனால் பரிசோதகரின் கைக்கருவிக்குச் சிக்னல் கிடைக்காத சுரங்கப் பாதையிலோ ஊருக்கு வெளியிலோ அது மையத்தைக் கேட்க முடியாமல் நின்றுவிடும். ஆக, முதல் வகையில் கார்டு பின்தங்குகிறது; இரண்டாம் வகையில் கருவி தடுமாறுகிறது. இரண்டிலும் பயணி செய்த பிழை ஒன்றும் இல்லை. இரண்டிலும் குற்றவாளியைப் போல நிற்பவர் பயணிதான்.

கார்டு உடலளவில் பழுதாவது மூன்றாவது வகை. இதில் பயணியின் பங்கும் உண்டு; ஆனால் அறியாமல் செய்யும் பங்கு. ஒரு முறை ரயிலில் என் பக்கத்து இருக்கையில் இருந்த கல்லூரி மாணவியின் கார்டு கைக்கருவியில் எத்தனை முறை வைத்தும் அசையவில்லை. கார்டைக் கழுத்துக் கயிற்றில் மாட்டுவதற்காக அதன் மேல் விளிம்பில் துளை போட்டிருந்தார். கார்டுக்குள் பேட்டரி கிடையாது. விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு மெல்லிய கம்பிச்சுருள் ஆன்டெனாவாகச் சுற்றிவருகிறது, ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால்தான் அது விழித்துக்கொள்வதும் இதனால்தான். அந்தச் சுருள் ஓரிடத்தில் அறுந்தாலும் கார்டு வெறும் பிளாஸ்டிக் துண்டாகிவிடும். அந்தப் பெண்ணின் துளை நேரே சுருளின் மேல் விழுந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. பரிசோதித்த அம்மையாருக்கும் தெரியவில்லை. 'கார்டைக் கெடுத்து வைத்திருக்கிறாய்' என்று ஒருவர் சொல்ல, 'நேற்று வேலை செய்ததே' என்று மற்றவர் அழ, அந்தப் பெட்டியே வேடிக்கை பார்த்தது. துளை போடக் கூடாது, பின்பாக்கெட்டில் வைத்து அதன் மேல் உட்காரக் கூடாது என்று கார்டின் பின்புறத்திலேயே இரண்டு வரி அச்சடித்திருந்தால் இந்தக் காட்சி நடந்திருக்காது.

கைபேசி உறையில் வங்கிக் கார்டையும் சீசன் கார்டையும் ஒன்றாகச் செருகி, உறையோடு ரீடரில் வைக்கும் பழக்கமும் பலரிடம் இருக்கிறது. தொடாமலே பணம் செலுத்தும் வங்கிக் கார்டை ஏற்கும் ரீடர்களில், எது முதலில் அகப்படுகிறதோ அதை அது படித்துவிடும். சீசன் இருந்தும் வங்கிக் கணக்கில் தனிக் கட்டணம் பிடிக்கப்படும். பரிசோதகர் சீசன் கார்டைப் பார்த்தால் அதில் ஏறிய பதிவே இருக்காது. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் இதைப் பற்றிப் பயணிகளைத் தொடர்ந்து எச்சரித்து வந்திருக்கிறது. சீசன் கார்டைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பயணிகள் பக்கம் நாம் செய்யக்கூடிய எளிய திருத்தம் இது.

பயணிகள் பக்கத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'மாதத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேன், ஒவ்வொரு முறையும் கார்டை ஏன் வைக்க வேண்டும்?' என்று பரிசோதகரிடம் வாதாடுவோரைப் பார்க்கிறேன். வைக்கத்தான் வேண்டும். எங்கே ஏறினோம் என்ற பதிவு இருந்தால்தான், சீசனில் அடங்காத தூரத்துக்குப் போகும்போது கூடுதல் கட்டணத்தைச் சரியாகக் கணக்கிட முடியும். பல நிறுவனங்கள் ஒரே கார்டை ஏற்கும் இடங்களில் வருவாயைப் பங்கிடவும் அந்தப் பதிவு உதவும். எந்தத் தடத்தில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதும் அதிலிருந்துதான் தெரியும். அது தெரியாவிட்டால் நெரிசலான தடத்துக்குக் கூடுதல் வண்டி வேண்டும் என்று நாம் கேட்டாலும் காட்டக் கணக்கு இருக்காது. ஆனால் செல்லுபடியாகும் சீசனை வைத்துக்கொண்டு கார்டை வைக்க மறந்தவரும், பயணச்சீட்டே வாங்காதவரும் ஒன்றல்லர். முன்னவரால் நிர்வாகத்துக்கு அந்தப் பயணத்தின் கட்டணத்தில் இழப்பு இல்லை. இருவருக்கும் ஒரே அபராதம் விதிக்கும் விதிகளில் இந்த வேறுபாடு இடம்பெற வேண்டும்.

பரிசோதகர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஓடும் வண்டியில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கருவியையும் பிடித்துக்கொண்டு, நூறு பேரின் சலிப்பையும் சிலரின் வசையையும் தாங்கிக்கொண்டு செய்யும் வேலை அது. ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய செலவையும் கட்டணம் கட்டும் நாம்தான் சுமக்கிறோம். சோதனை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பழைய முறையில் பரிசோதகர் தன் கண்ணால் படித்து, தன் அறிவால் முடிவெடுத்தார். மையில் சந்தேகம் இருந்தால் இரண்டு கேள்வி கேட்டுத் தெளிந்துகொண்டார். இன்று அவர் கருவியின் முடிவை வாசித்துக் காட்டுபவராகிவிட்டார். என்னைச் சோதித்த இளைஞர் என்னை நம்பினார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நம்பியதைச் செயலாக்க அவருக்கு அதிகாரம் தரப்படவில்லை. பயணிக்கு இழைக்கப்படும் அநீதியில் பாதி அவருக்கும் இழைக்கப்படுவதாகவே நான் கருதுகிறேன்.

இது புதிய தொழில்நுட்பம், போகப்போகச் சரியாகும் என்று சமாதானம் சொல்வதை ஏற்க முடியாது. பிரெஞ்சுக்காரரான ரோலான் மொரேனோ சிப் வைத்த கார்டுக்குக் காப்புரிமை கோரியது 1974இல். சியோல் நகரப் பேருந்துகளில் தொடாமலே படிக்கும் கார்டு 1996இல் வந்துவிட்டது. ஹாங்காங்கின் ஆக்டோபஸ் 1997இல், ஜப்பானின் சூயிகா 2001இல், லண்டனின் ஆய்ஸ்டர் 2003இல். எங்கே பிழை வரும், எப்படி வரும் என்று நிர்வாகங்கள் கற்றுக்கொள்ள ஒரு தலைமுறைக் காலம் கிடைத்திருக்கிறது. கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். சூயிகா கார்டில் சீசன் எடுத்தால், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை, எந்தத் தேதி வரை என்ற விவரம் கார்டின் முகத்திலேயே அச்சாகிறது. புதுப்பிக்கும்போது பழைய எழுத்து அழிக்கப்பட்டு அதே கார்டில் புதிய தேதி அச்சிடப்படுகிறது. சிப்பும் இருக்கிறது, கண்ணால் படிக்கும் எழுத்தும் இருக்கிறது. ரீடர் பழுதானாலும் பயணியும் பரிசோதகரும் ஒரே சான்றைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். இதைவிட எளிய தீர்வு வேறு என்ன வேண்டும்?

ஜெர்மனியின் விதியையும் சொல்ல வேண்டும். அங்கே பயணச்சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 2015 முதல் 60 யூரோ கட்ட வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் தன் பெயரில் செல்லுபடியாகும் சீசன் டிக்கெட் இருந்தது என்பதை ஒரு வாரத்துக்குள் காட்டிவிட்டால், அந்தத் தொகை 7 யூரோவாகக் குறைந்துவிடும். மறந்தவரையும் ஏமாற்றியவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பரிசோதகர் தயவு காட்ட வேண்டிய தேவையும் இல்லை, பயணி கெஞ்ச வேண்டிய தேவையும் இல்லை.

இதற்கு மாறான வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் ரயில் கட்டணக் குற்றங்களுக்கு 1889ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் பயன்படுகிறது. அந்தச் சட்டத்தின் கீழான வழக்குகளை, குற்றம் சாட்டப்பட்டவர் வராமலேயே ஒற்றை நீதிபதி தாள்களைப் பார்த்து முடிக்கும் விரைவு நடைமுறையில் ரயில் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் தொடர்ந்தன. அந்த நடைமுறையை அந்தச் சட்டத்துக்குப் பயன்படுத்தவே அனுமதி இல்லை என்று 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் தீர்ப்பளித்தார். ஏறத்தாழ 74,000 வழக்குகள் அதனால் செல்லாதவை ஆகும் நிலை ஏற்பட்டது. அந்த வழக்குகளில் சிக்கியவர்களில் உண்மையாகவே ஏமாற்றியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பயணியின் விளக்கத்தைக் கேட்பதற்கு ஆளே இல்லாத ஓர் ஏற்பாட்டில், ஏமாற்றியவர் யார், தவறிப்போனவர் யார் என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று என்பதே என் கவலை. பேருந்தில் கைக்கருவியை வைத்து முடிவெடுப்பதும் சிறிய அளவில் அதே போக்குத்தான்.

ஆகவே போக்குவரத்து நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான். கருவி கார்டைப் படிக்கவில்லை என்றாலோ, பழைய தேதியைக் காட்டுகிறது என்றாலோ, பயணி பணம் கட்டியதற்கான ஏதாவதொரு அடையாளத்தைக் காட்டும்பட்சத்தில் அந்த இடத்திலேயே அபராதம் வசூலிக்கக் கூடாது. கார்டின் எண்ணையும் பெயரையும் குறித்துக்கொண்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். கணக்கு நிர்வாகத்திடம் இருக்கிறது. அதைப் பார்த்து உண்மையைக் கண்டறியும் வசதியும் நிர்வாகத்திடமே இருக்கிறது. பணம் கட்டவில்லை என்று தெரிந்தால் அபராதத்தைப் பின்னர் வசூலிக்கட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் நிரூபிக்க வேண்டும் என்பது சாதாரணக் கொடுக்கல் வாங்கலிலேயே நாம் பின்பற்றும் நியாயம். பால்காரர்கூட நாள்காட்டியில் குறித்து வைத்த கணக்கைக் காட்டித்தான் பாக்கி கேட்கிறார்.

இதற்குப் பரிசோதகருக்கு எழுத்துமூலமான அதிகாரம் தர வேண்டும். 'இந்தச் சூழ்நிலையில் நீங்கள் அபராதம் விதிக்காமல் விடலாம். அதற்காக உங்களிடம் விளக்கம் கேட்கப்படாது' என்று சுற்றறிக்கையில் எழுதாதவரை, எவ்வளவு நல்ல மனிதரும் கருவியின் பின்னாலேயே ஒதுங்குவார். விதித்த அபராதங்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு பரிசோதகரின் பணியை மதிப்பிடும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை உடனே கைவிட வேண்டும். கார்டு எப்படி வேலை செய்கிறது, எந்தெந்தக் காரணத்தால் வேலை செய்யாமல் போகும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அது தெரிந்திருந்தால் அந்த மாணவியைப் பார்த்து அந்த அம்மையார் கடிந்துகொண்டிருக்க மாட்டார். துளையைச் சுட்டிக்காட்டி, மாற்றுக் கார்டுக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

பணம் வாங்கும் இடத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். 'புதுப்பிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்புவது முழு உண்மை ஆகாது. 'பணம் கிடைத்தது; கார்டில் இன்னும் பதிவாகவில்லை; இன்ன நேரத்துக்குப் பிறகு இன்ன ரீடரில் வைத்தால் பதிவாகும்; அதுவரை இச்செய்தியையே பரிசோதகரிடம் காட்டலாம்' என்று அனுப்பினால் அது முழு உண்மை. நிலையங்களில் கார்டை வைத்தால் முடிவு நாளைத் திரையில் காட்டும் கருவி ஒன்றையாவது, பயணிகள் தாமே பார்த்துக்கொள்ளும்படி, கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். ரீடரின் ஒலியிலும் விளக்கிலும் வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு ஒலி மட்டுமே துணை, காது கேளாதவருக்கு விளக்கு மட்டுமே துணை. நெரிசலில் ஏறும் எனக்கு இரண்டும் சேர்ந்திருந்தும் அன்று போதவில்லை.

முறையீட்டுக்கு வரும் பதிலைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். தொகையைத் திருப்பித் தருவதோடு நிறுத்தாமல், தவறு எங்கே நேர்ந்தது என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்ப வேண்டும். எனக்குத் திரும்பி வந்த பணத்தோடு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால், அதை அந்த இளைஞரிடமும் காட்டியிருப்பேன். அவரும் நானும் இன்றும் அதே தடத்தில்தான் போய்வருகிறோம். கடந்த மாதம் அவர் என் கார்டைச் சோதித்தபோது பச்சை விளக்கு எரிந்தது, "இப்ப சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டார். "ஆயிடுச்சு" என்றேன். என்ன சரியாயிற்று என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

இக்கடிதத்தைத் தங்கள் நாளிதழில் வெளியிட்டு, உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் பயணி ஒருவர்